ஜார்ஜியாவில் எது இறக்குமதி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையொன்று, முன்னாள் சோவியத் குடியரசான ஜார்ஜியா இயற்றிய குடும்ப விழுமியச் சட்டத்தை மெச்சி எழுதியிருந்தது. மேற்கிலிருந்து இறக்குமதியான ஒரு வழக்கத்தைச் சின்னஞ்சிறு நாடொன்று வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டது என்ற பொருளில் அக்கட்டுரை முடிந்திருந்தது. முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். என் மகள் ஜார்ஜியத் தலைநகர் திபிலீசியில் மருத்துவம் படிக்கிறாள். இந்த இரண்டு காரணங்களாலும் அந்தக் கட்டுரையை இருமுறை படித்தேன். அதில் வரும் இறக்குமதி என்ற ஒரு சொல்லோடு எனக்குள்ள வழக்கைத் தங்கள் வாசகர் முன் வைக்க இடமளிக்குமாறு வேண்டுகிறேன்.

சட்டம் இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கட்டுரை அதைச் சொல்லவில்லை. 2024 செப்டம்பர் 17 அன்று, எதிர்க்கட்சிகள் புறக்கணித்த அவையில், ஆளும் ஜார்ஜியக் கனவு கட்சி 84 வாக்குகளால், எதிர்த்து ஒரு வாக்கும் இல்லாமல், அதை நிறைவேற்றியது. தன்பால் இணையர் குழந்தையைத் தத்தெடுப்பதும், பாலின மாற்று மருத்துவமும், ஆவணங்களில் பாலினத்தை மாற்றுவதும் அதன்படி தடைசெய்யப்பட்டன. தன்பால் உறவை 'பரப்பும்' கூட்டம், ஊர்வலம், ஒளிபரப்பு, பாடம் ஆகியவற்றுக்கும் தடை வந்தது. எது விளக்கம், எது பரப்புரை என்று பிரித்துச் சொல்லும் அதிகாரம் அதிகாரியின் கையில் விடப்பட்டது. அப்போதைய குடியரசுத் தலைவர் சலோமே சுராபிஷ்விலி கையெழுத்திட மறுத்துவிட்டதால், அக்டோபர் தொடக்கத்தில் அவைத்தலைவர் கையெழுத்திட்டார். சட்டம் நிறைவேறிய மறுநாள், அந்நாட்டில் தம்மை வெளிப்படையாகத் திருநங்கை என்று அறிவித்து வாழ்ந்த முதல் பிரபலங்களில் ஒருவரான கெசாரியா அப்ரமிட்சே தம் வீட்டிலேயே குத்திக் கொல்லப்பட்டார். சட்டத்தையும் கொலையையும் நான் காரண காரியமாகக் கட்டிப்போடவில்லை. ஆனால் அந்த இரண்டு நாள்களை அடுத்தடுத்து வாழ்ந்த ஊர் அது என்பதைக் கட்டுரையாளர் ஒரு வரியிலாவது குறிப்பிட்டிருக்கலாம்.

இனி இறக்குமதிக்கு வருகிறேன். ஜார்ஜியாவில் ஆண்கள் ஒருவரையொருவர் விரும்புவதைக் குற்றமாக்கிய சட்டம் எந்த மலைக் கிராமத்தின் வழக்கத்திலிருந்தும் முளைத்ததல்ல. ஜார் மன்னர் காலத்தில் அது அன்றைய ரஷ்யத் தலைநகரான பீட்டர்ஸ்பர்கிலிருந்து வந்தது. புரட்சிக்குப் பின், 1922-இன் ரஷ்யக் குற்றவியல் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லாமல் போயிற்று. பிறகு 1933 செப்டம்பரில், இரகசியக் காவல்துறையின் யாகோதா, மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும் இத்தகைய ஆண்கள் கூடிச் சதி செய்கிறார்கள் என்று ஸ்டாலினுக்கு எழுதினார். அவ்வாண்டு டிசம்பரில் ஓர் ஆணையும், 1934 மார்ச்சில் அதன் இறுதி வடிவமும் பிறந்தன. எல்லாக் குடியரசுகளும் அதைத் தத்தம் சட்டப் புத்தகங்களில் சேர்த்துக்கொள்ளப் பணிக்கப்பட்டன. தண்டனை ஐந்தாண்டு வரை. மாஸ்கோவில் வேலை பார்த்த ஹாரி வைட் என்ற ஸ்காட்லாந்துப் பொதுவுடைமைவாதி, தன்பாலீர்ப்புடையவர் கட்சி உறுப்பினராக இருக்கத் தகுதியானவர்தானா என்று மார்க்சிய நூல்களைத் துணைக்கழைத்து ஸ்டாலினுக்கு நீண்ட கடிதம் எழுதினார். அதன் மேல் ஸ்டாலின், எழுதியவர் முட்டாள், சீரழிந்தவர் என்று குறித்து ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார். அந்த ஸ்டாலினே கோரி நகரில் பிறந்த ஜார்ஜியர்தானே என்று யாரேனும் மடக்கலாம். பிறந்தது கோரிதான், ஆணை போனது கிரெம்ளினிலிருந்து.

அந்தச் சட்டம் பெண்களைப் பற்றிப் பேசவே இல்லை. அதைச் சலுகை என்று எண்ணிவிடக் கூடாது. பெண்ணை விரும்பிய பெண்ணுக்கு நீதிமன்றத்துக்குப் பதிலாக மனநல மருத்துவமனை இருந்தது. நோய் என்று எழுதி மருந்து கொடுத்தார்கள். கையில் தீர்ப்பும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் உரிமைப் பணியைக் கையிலெடுத்தவர்களில் பெண்கள் முன்வரிசையில் நின்றதற்கு இந்தப் பேசாமையும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

சட்டத்தைவிட நீண்ட ஆயுள் கொண்ட ஒன்றும் அந்தக் காலத்திலிருந்து மிஞ்சியது. சோவியத் சிறைகளில் கைதிகளுக்குள்ளேயே ஒரு படிவரிசை இருந்தது. அதன் அடியில் தள்ளப்பட்டவர்கள், தன்பாலீர்ப்புடையவர் என்று முத்திரை குத்தப்பட்டோரும் பிற கைதிகளால் வல்லுறவுக்கு ஆளானோரும். அவர்களுக்குத் தனிப் பாத்திரம், தனி மூலை; அவர்கள் தொட்டதை மற்றவர் தொடுவதில்லை, அவர்கள் கையிலிருந்து எதையும் வாங்குவதில்லை. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையை அறிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. லட்சக்கணக்கானோர் சிறைக்குப் போய்த் திரும்பிய சமூகத்தில் அந்த வழக்கமும் விடுதலையாகித் தெருவுக்கும் பள்ளிக்கும் படைமுகாமுக்கும் வந்து சேர்ந்தது. இன்று 'எங்கள் பண்பாடு' என்ற பெயரில் வெளிப்படும் அருவருப்பில் எவ்வளவு பங்கு தேவாலயத்திலிருந்து வந்தது, எவ்வளவு பங்கு சிறைக்கொட்டடியிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்ப்பது எளிதன்று.

2023 கோடை விடுமுறையில் மகளைப் பார்க்க நான் திபிலீசி சென்றிருந்தேன். மே 17 அன்று ருஸ்தவேலி நிழற்சாலை முழுவதும் குடும்பம் குடும்பமாக மக்கள். பாதிரிமார்களும், திருவுருவப் படங்களும், புத்தாடை உடுத்திய குழந்தைகளுமாகச் சமேபா பேராலயத்தை நோக்கி ஊர்வலம் சென்றது. மகள் வாடகைக்குத் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளரான மூதாட்டி பேரப்பிள்ளைகளோடு அதில் போய்வந்தார். எதற்காக இந்த நாள் என்று மகள் வழியாகக் கேட்டேன். குடும்பத்துக்காக என்றார், 'அந்த மாதிரி ஆட்கள்' எங்கள் காலத்தில் இல்லவே இல்லை, எல்லாம் ஐரோப்பாவிலிருந்து வந்தது என்றும் சொன்னார். இரண்டு நாள் கழித்து, அதே அம்மையார் எங்களைப் பழைய நகருக்கு அழைத்துப்போய், சுவரிலிருந்து பாய்ந்து பறப்பதுபோல் அமைந்த சிலை ஒன்றைக் காட்டி, "எங்கள் பரஜானவ்" என்று பெருமையோடு சொன்னார்.

நம் ஊர்த் திரைப்படச் சங்கங்களில் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் திரைப்பட இயக்குநர் செர்கேய் பரஜானவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆர்மேனியப் பெற்றோருக்கு 1924-இல் திபிலீசியில் பிறந்தவர். 1973 டிசம்பரில் கீவ் நகரில் கைதானார். ஆண்களோடு உறவு கொண்டார் என்பதே அவர்மீதான முதன்மைக் குற்றச்சாட்டு. ஐந்தாண்டுத் தண்டனையில் நான்கு ஆண்டுகளை முகாம்களில் கழித்து, பிரெஞ்சுக் கவிஞர் லூயி அராகோன் போன்றோர் அன்றைய சோவியத் தலைவர் பிரெஷ்னேவிடம் மன்றாடியதன்பின் 1977 இறுதியில் வெளியே வந்தார். அவருடைய வாயும் படங்களும் அரசுக்கு ஒவ்வவில்லை என்பதுதான் உண்மையான காரணம் என்று அவரை நேசிப்பவர்கள் சொல்வார்கள். அது சரியாகவே இருக்கட்டும். ஒருவரை ஒழித்துக்கட்ட நினைக்கும் அரசுக்கு எப்போதும் கைக்கு வாகாகக் கிடக்கும் பிரிவாக அது இருந்தது என்பதைத்தானே அதுவும் காட்டுகிறது? மூதாட்டியிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. விருந்தாளியாகப் போன இடத்தில் வரலாற்றுப் பாடம் எடுக்க மனம் வரவில்லை.

அவர் பங்கேற்ற ஊர்வலத்துக்கும் ஒரு பிறந்த கதை உண்டு. தன்பாலீர்ப்பு வெறுப்புக்கு எதிரான உலக நாள் மே 17. 2012-இல் அந்த நாளில் 'இதெந்தோபா' என்ற அமைப்பைச் சேர்ந்த ஏறத்தாழ முப்பது பேர் திபிலீசியில் அமைதியாக நடந்தார்கள். மதப்பற்றாளர் குழுக்கள் வழிமறித்துத் தாக்கியபோது, காவலர்கள் தாக்கியவர்களை விட்டுவிட்டு, அடிபட்டவர்களில் சிலரைப் பிடித்துச் சென்றனர். 2013-இல் அதே நாளில் ஒரு சிறு கூடுகை திட்டமிடப்பட்டது. எதிர்த்து வந்தவர்கள் பல்லாயிரம் பேர், முன்னணியில் அங்கி அணிந்த குருமார்கள். காவல் வளையம் உடைந்தது. சிற்றுந்துகளில் ஏற்றித் தப்புவிக்கப்பட்டவர்களைத் துரத்திக் கண்ணாடிகளைக் கல்லால் உடைத்தார்கள். முக்காலியை ஓங்கிக்கொண்டு ஓடிய ஒரு பாதிரியாரின் படம் உலகெங்கும் பரவியது. வழக்கில் நிறுத்தப்பட்ட சிலரும் 2015-இல் விடுதலையானார்கள். அந்தத் தாக்குதலுக்கு அடுத்த ஆண்டே, அதாவது 2014-இல், திருச்சபைத் தலைவர் இரண்டாம் இலியா அதே மே 17-ஐக் குடும்பத் தூய்மை நாள் என்று அறிவித்தார். 2024-இல் அரசு அதைப் பொது விடுமுறையாக்கியது. ஆக, 'தொன்றுதொட்ட' குடும்ப விழாவுக்கு நான் பார்த்தபோது வயது ஒன்பது.

அடிபட்டவர்கள் அடுத்து என்ன செய்தார்கள் என்பதில்தான் என் அக்கறை அதிகம்; நம் நாளிதழ்கள் பெரும்பாலும் கவனிக்காத பகுதியும் அதுவே. அவர்கள் வழக்குப் போட்டார்கள். தங்கள் நாட்டில் நீதி கிடைக்காதபோது ஸ்திராஸ்பூர்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2012 நிகழ்வு குறித்து 2015 மே மாதத்தில் வந்த தீர்ப்பு, பாதுகாக்கக் கடமைப்பட்டவர்களையே காவலர்கள் அப்புறப்படுத்தியதைக் கண்டித்து, இழிவாக நடத்தப்படாமை, கூடும் உரிமை, பாகுபாடின்மை ஆகியவற்றை ஜார்ஜிய அரசு மீறியதாகச் சொன்னது. 2013 நிகழ்வுக்கான தீர்ப்பு 2021 டிசம்பரில் வந்தது; அவ்வழக்கின் தலைப்பிலேயே பெண்கள் முன்முயற்சி ஆதரவுக் குழுவின் பெயர் இருக்கிறது. அந்தக் குழு 2000-இல் தொடங்கப்பட்டது. வானவில் கொடியைவிடக் காவல் நிலையப் புகார்ப் பிரதி, மருத்துவச் சான்றிதழ், சாட்சியின் வாக்குமூலம், அஞ்சல் ரசீது ஆகியவற்றோடு கழியும் வேலை அது. எட்டரை ஆண்டு ஒரு வழக்கைக் கைவிடாமல் நடத்துவது எத்தகைய பொறுமை என்பதை நிலத்தகராறுக்கு நீதிமன்றம் ஏறிய எந்தத் தமிழ்க் குடும்பமும் அறியும்.

அந்நியப் பணம் என்ற குற்றச்சாட்டைக் கட்டுரையாளர் அடிக்கோடிட்டிருந்தார். அதில் உண்மை உண்டு, மறைக்கத் தேவையில்லை. இந்த அமைப்புகள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க நன்கொடைகளில் நடந்தவை. உள்ளூர் வணிகர் ஒருவர் தம் பெயர் தெரிய நன்கொடை கொடுக்கத் துணிவாரா, அரசு கொடுக்குமா என்றும் உடன் கேட்டிருந்தால் பேச்சு முழுமையாகியிருக்கும். மறுபுறத்தில், சோவியத் காலத்தில் ஏற்பட்ட இழப்புக்கு ஈடு என்ற பெயரில், ஜார்ஜியத் திருச்சபைக்கு அரசு கருவூலத்திலிருந்து பல ஆண்டுகளாக ஆண்டுதோறும் சுமார் 25 மில்லியன் லாரி (ஜார்ஜிய நாணயம்) போய்வந்திருக்கிறது. அதே சோவியத் அரசு 1934 முதல் சிறையில் தள்ளிய ஆண்களுக்கு ஈடும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

ஆயினும் இந்த அந்நியத் தொடர்பில் உரிமை இயக்கத்துக்கு உண்மையான இடர் ஒன்று இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தன்பால் உறவைக் குற்றமாக்கிய பிரிவு 2000-இல் நீங்கியபோது அது ஜார்ஜியா ஐரோப்பிய மன்றத்தில் சேர்ந்ததன் தொடர்ச்சியாக நடந்தது. நாட்டுக்குள் விவாதம் எழவில்லை. 2014 மே மாதத்தில் வந்த பாகுபாடு ஒழிப்புச் சட்டம் பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் பெயர்சொல்லிக் காத்தது. ஆனால் விசா இல்லாமல் ஐரோப்பா செல்லும் வசதிக்கான நிபந்தனைகளில் ஒன்றாகவே அரசு அதை மக்களிடம் கொண்டுபோனது. 2017 மார்ச்சில் அந்த வசதி கிடைத்தது. உரிமையை உரிமை என்று சொல்லாமல் பயணச்சீட்டுக்கான கட்டணம் என்று சொல்லி விற்றால், பயணம் முடிந்தபின் கட்டணத்தைத் திருப்பிக் கேட்பவர்கள் வரத்தான் செய்வார்கள். இந்தத் தவற்றை அமைப்புகளைவிட ஆட்சியாளர் கணக்கில்தான் எழுத வேண்டும். திருமணம் என்பது ஆணும் பெண்ணும் இணைவது என்று அதே ஆட்சியாளர் அடுத்த சில ஆண்டுகளிலேயே அரசியலமைப்பில் எழுதி வைத்துக்கொண்டதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இயக்கத்துக்குள்ளும் ஒரே குரல் இருந்ததில்லை. 2019-இல் திபிலீசி பிரைடு என்ற பெயரில் முதல் பெருமித ஊர்வலம் அறிவிக்கப்பட்டபோது, வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட இளைஞருக்கு இருப்பிடமும் வேலையும் தேடித் தருவதை விட்டுவிட்டு மேலைநகரங்களின் ஊர்வல வடிவத்தை இங்கே நடுவது அடியைத்தான் வாங்கித் தரும் என்று பால்புதுமையர் (மாறுபட்ட பாலீர்ப்போ பாலின அடையாளமோ உடையோர்) சிலரே எச்சரித்தார்கள். அவ்வாண்டு ஜூலையில் உள்துறை அமைச்சகத்தின் முன் சில பத்துப் பேர் அரை மணி நேரம் நின்று கலைந்ததே முதல் ஊர்வலமாயிற்று. 2021 ஜூலை 5-இல், ஊர்வலம் உகந்ததன்று என்று அன்று காலை பிரதமரே சொல்ல, கும்பல் அமைப்பின் அலுவலகத்தைச் சூறையாடியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்கள் தாக்கப்பட்டார்கள். அவர்களில் ஒளிப்பதிவாளர் அலெக்சாந்திரே லஷ்கராவா ஜூலை 11 அன்று இறந்து கிடந்தார். மரணத்தின் காரணம் பற்றி அரசுத் தரப்பு சொன்னதை அவருடைய சகாக்கள் ஏற்கவில்லை. ஊர்வலம் கைவிடப்பட்டது. மறுநாள் மாலை நாடாளுமன்றத்தின் முன் ஆயிரக்கணக்கானோர் திரண்டு வானவில் கொடியைப் பிடித்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். எச்சரித்தவர்கள் சொன்னதும் பலித்தது, அறிவித்தவர்கள் எதிர்பார்த்ததும் நடந்தது. என்னால் இதில் பக்கம் சாய முடியவில்லை.

மக்கள் மனம் ஒரே நிலையில் உறைந்திருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. 2017-இல் ஜார்ஜியக் கால்பந்தாட்டக்காரர் குராம் கஷியா, நெதர்லாந்தில் தம் சங்கத்துக்காக ஆடுகையில், வானவில் நிறக் கைப்பட்டை அணிந்தார். அவரைத் தேசிய அணியிலிருந்து நீக்கு என்று திபிலீசியில் தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் முன் ஆர்ப்பாட்டம் நடந்தது. 2024-இல் ஜார்ஜியா வரலாற்றில் முதன்முறையாக ஐரோப்பியக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது அணித்தலைவராக இறங்கியவர் அதே கஷியா. நாடே அவருக்காகக் கைதட்டிய கோடை முடிந்து சில வாரங்களில்தான் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது.

அந்தச் சட்டத்தின் அச்சு எங்கே வார்க்கப்பட்டது? 2006-இல் ரஷ்யாவின் ரியாசான் மாகாணம், 2012-இல் பீட்டர்ஸ்பர்க், 2013-இல் 'பாரம்பரியமற்ற பாலுறவுப் பரப்புரை'க்கு எதிராக ரஷ்யா முழுமைக்கும் ஒரு சட்டம். 2022 டிசம்பரில் அது சிறார் என்ற வரம்பைத் தாண்டி எல்லா வயதினருக்கும் விரிந்தது. 2023 நவம்பரில் ரஷ்ய உச்ச நீதிமன்றம், உறுப்பினர் பட்டியலோ அலுவலகமோ இல்லாத 'சர்வதேச எல்ஜிபிடி இயக்கம்' ஒன்றைத் தீவிரவாத அமைப்பு என்று அறிவித்தது. 2008-இல் ரஷ்யாவோடு போரிட்டு, தன் நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இன்றும் மீட்க முடியாமலிருக்கும் ஜார்ஜியா, மாஸ்கோவின் சட்டத்தை மாதிரியாக வைத்து எழுதிக்கொண்டு அதற்குத் தேசியப் பெருமை என்று பெயர் சூட்டியிருக்கிறது. இறக்குமதி என்ற சொல்லை இங்கேதான் பயன்படுத்த வேண்டும் என்பது என் வழக்கு.

சோவியத் நிழலில் இருந்த நாடுகளெல்லாம் இப்படித்தான் ஆகும் என்பதும் இல்லை. எஸ்தோனியாவில் 2024 ஜனவரி 1 முதல் தன்பால் இணையர் திருமணம் செய்துகொள்ளலாம். தாம் தன்பாலீர்ப்பாளர் என்று 2014-இலேயே அறிவித்த எட்கர்ஸ் ரின்கேவிச்ஸ் 2023 முதல் லாத்வியாவின் குடியரசுத் தலைவர். லிதுவேனியாவில், தன்பால் இணையர் வரும் சிறுவர் கதைத் தொகுப்பு ஒன்றுக்கு எச்சரிக்கை முத்திரை குத்தப்பட்டதை எதிர்த்து அதை எழுதியவர் தொடுத்த வழக்கில் 2023-இல் ஸ்திராஸ்பூர்க் தீர்ப்பளித்தது. அந்த முத்திரைக்கு ஆதாரமாயிருந்த சட்டப்பிரிவை 2024 டிசம்பரில் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றமே நீக்கியது. ஸ்திராஸ்பூர்க் தீர்ப்பைக் கையில் வாங்குவதற்குள் அந்த எழுத்தாளர் இறந்துபோயிருந்தார். வழக்கை அவருடைய தாயார் தொடர்ந்து நடத்தினார். மறுமுனையில் உஸ்பெகிஸ்தானும் துர்க்மெனிஸ்தானும் ஸ்டாலின் காலப் பிரிவின் வாரிசை இன்றும் சட்டப் புத்தகத்தில் வைத்திருக்கின்றன.

நம் நாட்டிலும் தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377 என்ற பிரிவு 1860-இல் ஆங்கிலேயர் எழுதியது. அதை நம் மரபு என்று வாதிட்டவர்களை 2018 செப்டம்பர் வரை கேட்டுக்கொண்டிருந்தோம். கட்டுரையாளர் அந்த வாதத்தைத்தான் ஊர் மாற்றி எழுதியிருக்கிறார்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். 1934-இன் ஆணையையும் 2013-இன் ரஷ்யச் சட்டத்தையும் குறிப்பிட்டு அக்கட்டுரைக்கு ஒரு திருத்தக் குறிப்பு வெளியிட வேண்டும். மேலும், இம்மக்களைக் குறிக்க அதில் பன்னிரண்டு இடங்களில் (எண்ணிப் பார்த்தேன்) ஆண்டுள்ள சொல், ஒரு மனிதரை அவருடைய படுக்கையாக மட்டும் சுருக்குவது. சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றின் விளைவாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் இதற்கெனச் சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டிருக்கிறது. அதன் ஒரு படியைத் தங்கள் ஆசிரியர் குழுவின் மேசையில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். மகளின் படிப்பு முடிய இன்னும் சில மாதங்கள் இருப்பதால், இக்கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைத் தவிர்த்துவிடவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
கும்பகோணம்.